மனு எந்த மேசையில் நிற்கிறது?

திங்கட்கிழமை காலைகளில் நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் மனுவோடு வரிசையில் நிற்பவர்களைப் பார்த்தால் ஒரு கேள்வி எழாமல் இருக்காது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவோடு தமிழ்நாட்டில் முதலிடம் பிடித்த மாவட்டம் இது. சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா மாற்றம், முதியோர் உதவித்தொகை என்று எதற்கும் இணையத்தில் விண்ணப்பிக்கலாம். புகார் சொல்ல 1100 என்ற எண் இருக்கிறது. பிறகு ஏன் இந்த வரிசை? வருகிறவர்களை விசாரித்தால் பதில் கிடைத்துவிடும். அவர்களில் பலர் ஏற்கெனவே ஆன்லைனில் பதிந்தவர்கள்தான். அந்த ஒப்புகைச் சீட்டை மனுவோடு சேர்த்து ஸ்டேப்ளர் அடித்துக் கொண்டுவந்திருக்கிறார்கள். கணினி தெரியாததால் அல்ல, கணினிக்குள் போன பிறகு என்ன ஆனது என்று தங்களுக்குத் தெரியாததால் வந்தவர்கள்.

குடிமைத் தொழில்நுட்பம் பற்றிய பேச்சு பெரும்பாலும் வாசல்களைப் பற்றியதாகவே இருக்கிறது: ஒரு புதிய செயலி, ஒரு புதிய எண், ஒரு புதிய மையம். குமரி மாவட்டத்தை வைத்துப் பார்த்தால் வாசலுக்கு இங்கே பஞ்சமில்லை. பஞ்சம் வாசலுக்கும் முடிவுக்கும் இடையிலுள்ள மேசைகளில். அந்த மேசைகளை மக்கள் கண்ணுக்குக் கொண்டுவராத எந்தத் தொழில்நுட்பமும் வரிசையை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றி வைக்கும், அவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் இந்தக் கதை இ-சேவை மையத்தோடு தொடங்கவில்லை. 1999-இல் திருவாரூர் ஆட்சியராக இருந்த சி. உமாசங்கர் அந்த மாவட்டத்தின் வட்ட அலுவலகங்களைக் கணினிமயமாக்கியது நாடெங்கும் பேசப்பட்டது. 2001-இல் மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்தில் சென்னை ஐ.ஐ.டி., அமெரிக்காவின் எம்.ஐ.டி., ஹார்வர்டு, என்-லாக் நிறுவனம் ஆகியவை சேர்ந்து ‘சாரி’ என்ற திட்டத்தைத் தொடங்கின. கம்பியில்லா இணைப்பில் இயங்கிய சிற்றூர்க் கணினி மையங்களிலிருந்து சான்றிதழ் விண்ணப்பங்களை வட்ட அலுவலகத்துக்கு அனுப்பலாம். மக்கள் பயன்படுத்தினார்கள், பேருந்துக் காசும் ஒரு நாள் கூலியும் மிச்சமாயின. பிறகு அரசுச் சேவைகள் மட்டும் தேய்ந்து நின்றுபோயின. இதை ஆராய்ந்து 2006-இல் எழுதிய ராஜேந்திர குமாரும் மைக்கேல் பெஸ்டும் சொன்ன முக்கியக் காரணம் மின்சாரமோ இணைப்போ அல்ல. ஆதரவாக நின்ற அதிகாரிகள் மாற்றலாகிப் போனார்கள், பின்னால் வந்தவர்களுக்கு அதில் அக்கறை இல்லை. ராஜேந்திர குமார் ஒரு ஐ.ஏ.எஸ். அதிகாரி என்பதால் அந்த முடிவுக்குக் கூடுதல் எடை உண்டு. இத்தனை ஆண்டு கழிந்தும் அந்த ஆய்வு பழசாகவில்லை.

இன்று ஒரு வருமானச் சான்று எப்படி நகர்கிறது என்று பாருங்கள். விண்ணப்பதாரர் இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டுகிறார். மையத்துக்காரர் ஆதார், குடும்ப அட்டையை ஸ்கேன் செய்து ஏற்றுகிறார். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலரின் (வி.ஏ.ஓ.) கணக்குக்குப் போகிறது; அங்கிருந்து வருவாய் ஆய்வாளருக்கு, அவரிடமிருந்து வட்டாட்சியருக்கு. வட்டாட்சியர் மின்கையொப்பம் இட்டதும் கைபேசிக்குக் குறுஞ்செய்தி வரும். இதில் கணினி வேகப்படுத்தியது முதல் படியையும் கடைசிப் படியையும். நடுவில் இருப்பது மனிதர்கள். வி.ஏ.ஓ. என்பவர் சான்றிதழ் மட்டும் பார்ப்பவர் அல்லர். மழை வெள்ளம் வந்தால் சேத அறிக்கை, பயிர் அடங்கல், வாக்காளர் பட்டியல், நீதிமன்ற வேலை, அரசு முகாம் எல்லாம் அவர் தலையில்தான். ‘மக்களுடன் முதல்வர்’ முகாம்கள் 2023 டிசம்பரிலும் ‘உங்களுடன் ஸ்டாலின்’ முகாம்கள் 2025 ஜூலையிலும் தொடங்கின. முகாமில் மனு வாங்க உட்காருகிறவரும், பிறகு அந்த மனுவை விசாரிக்க வேண்டியவரும் பெரும்பாலும் ஒரே ஆள். முகாமில் ஒரு கோப்பு முன்னே நகர்ந்தால் அலுவலகத்தில் இன்னொன்று பின்னே தள்ளப்படுவதைத் தவிர்க்க முடியாது. வாசல் கூடக்கூட நடுமேசையின் சுமையும் கூடும், மேசைகள் கூடுவதில்லை.

சான்றிதழாவது சில நாளில் கிடைத்துவிடும். குமரி மாவட்டத்துக்கே உரிய சிக்கல் நிலத்தில் இருக்கிறது.

1956 நவம்பர் 1 வரை இந்த மண் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய 4 வட்டங்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. மக்கள் சேர்ந்தார்கள், அவர்களுடைய பத்திரங்கள் அவ்வளவு எளிதில் சேரவில்லை. பழைய ஆவணங்கள் பல மலையாளத்தில் இருக்கின்றன. தேதி கொல்லம் ஆண்டில் இருக்கும். நில உரிமை மாறியதைப் பதிவதற்குப் போக்குவரவு என்று பெயர். வரி கட்டுபவரின் கணக்குக்குத் தண்டப்பேர் எண். வீடும் தோப்பும் சேர்ந்த நிலம் புரையிடம். இந்தச் சொற்கள் பரமக்குடியிலோ பண்ருட்டியிலோ வருவாய்த் துறையில் பயிற்சி பெற்று இங்கே மாற்றலாகி வரும் இளைஞருக்குப் புரியாது. அது அவர் குற்றமுமில்லை.

ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். கல்குளம் வட்டத்தில் 12 சென்ட் புரையிடம். கொல்லம் 1115-ஆம் ஆண்டு, அதாவது ஆங்கிலக் கணக்கில் 1939-40-இல், எழுதிய பாகப் பத்திரம் கையில் இருக்கிறது. அதன்பின் வாய்மொழியாக இரண்டு முறை பிரிந்தது. இப்போது பேத்தி 4 சென்டில் வீடு கட்ட வங்கிக் கடன் கேட்கிறாள். வங்கி பட்டா கேட்கிறது. இணையத்தில் பட்டா எண்ணும் புல எண்ணும் உட்பிரிவு எண்ணும் கேட்கப்படும். அவள் கையிலிருப்பது பழைய சர்வே எண். பழைய எண்ணுக்கு எந்தப் புதிய எண் என்று காட்டும் பட்டியல் அலுவலகத்தில் இருக்கிறது, இணையத்தில் தேடினால் கிடைப்பதில்லை. எண்ணைக் கண்டுபிடித்தால் பட்டா தாத்தாவின் அண்ணன் பெயரில் இருக்கும், அதுவும் எழுத்துப் பிழையோடு. தமிழகத்தில் 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் நுழைந்த பிழைகளைத் திருத்தவே தனி மனு நடைமுறை உண்டு. அது கோட்டாட்சியர், மாவட்ட வருவாய் அலுவலர் மட்டத்தில் முடிய வேண்டிய காரியம்.

கணினிமயமாக்கல் இங்கே உதவவில்லை என்று சொல்வது நியாயமாகாது. 2018-இல் வந்த ‘ஸ்டார் 2.0’ பதிவு மென்பொருள், முழு உட்பிரிவும் ஒரே கைக்கு மாறும் விற்பனையில் பட்டா மாற்றத்தைத் தானாக நகர்த்தும் வழியைத் திறந்தது. உட்பிரிவு செய்ய வேண்டிய நிலத்தில் நில அளவர் வந்து சங்கிலி பிடித்தாக வேண்டும். குமரியோ சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர் நெருங்கி வாழும் மாவட்டம். இங்கே நிலம் ஏக்கரில் பேசப்படுவதில்லை, சென்டில் பேசப்படுகிறது. துண்டாகாத நிலம் கைமாறுவதே அபூர்வம். ஆக, மாநிலம் முழுதுக்கும் வடிவமைத்த மென்பொருளின் விரைவுப் பாதை, அது மிகவும் தேவைப்படும் மாவட்டத்தில்தான் மிகக் குறைவாகப் பயன்படுகிறது.

கர்நாடகத்தின் ‘பூமி’ திட்டம் 2001-இல் கிராமக் கணக்கரிடமிருந்து நில ஆவணத்தைப் பிடுங்கிக் கணினியில் ஏற்றியது. உலக வங்கி முதல் பத்திரிகைகள் வரை பாராட்டின. சாலமன் பெஞ்சமினும் அவரோடு ஆய்வு செய்தவர்களும் 2007-இல் வேறொரு பக்கத்தைக் காட்டினார்கள்: லஞ்சம் ஒழியவில்லை, மேல்மட்டத்துக்கு ஏறியது, பெங்களூரைச் சுற்றிப் பெரிய அளவில் நிலம் வாங்குகிறவர்களுக்குத்தான் அந்தத் தெளிவு அதிகம் பயன்பட்டது. ஒருவரது ஆவணம் தெளிவாவதும் ஒருவரது உரிமை உறுதியாவதும் ஒன்றல்ல. குமரியில் பழைய எண்-புதிய எண் பட்டியலையும் மலையாளப் பதிவேடுகளையும் ஸ்கேன் செய்து, தமிழ் விளக்கத்தோடு ஊர்வாரியாகப் பொதுவில் வைத்தால் என்ன? செயலி வேண்டாம், செயற்கை நுண்ணறிவு வேண்டாம். இரு எழுத்தும் படிக்கத் தெரிந்த முதியவர்கள் இன்னும் சிலர் இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது. இந்த மாவட்டத்தில் குடிமைத் தொழில்நுட்பம் என்று ஒரே ஒரு காரியம் செய்யலாம் என்றால் நான் இதைத்தான் கேட்பேன்.

மனு கொடுப்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 12 பிடாகைகளாகப் பிரிந்திருந்த நாஞ்சில் நாட்டின் உழவர்கள் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நாட்டுக்கூட்டம் கூடி, முறையற்ற வரியைக் கட்டுவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறார்கள். 1904-இல் திருவிதாங்கூர் அரசு தொடங்கிய ஸ்ரீமூலம் பிரஜா சபையில் வட்டங்களின் பிரதிநிதிகள் தங்கள் பகுதிக் குறையைத் திவானிடம் நேரே எடுத்துச் சொன்னார்கள். அந்தச் சபைக்கு அதிகாரம் கிடையாது. கேட்கும் காது மட்டும் உண்டு. ஆனாலும் ஒருவர் குறை இன்னொருவர் காதிலும் விழுந்தது. இன்றைய இணைய மனு இந்த இடத்தில் ஒரு படி கீழே. என் மனு எண் எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரரின் மனுவும் அதே மேசையில் அதே காரணத்துக்காக நிற்கிறது என்பது இருவருக்கும் தெரியாது. ஒவ்வொருவரும் தனித்தனியே தம் விதியை நொந்துகொள்கிறோம்.

சேர்ந்து கேட்கும் இடம் இருக்கிறதா என்றால், இந்த மாவட்டத்தில் அது விசித்திரமான கேள்வி. கிராம ஊராட்சிகளில் கிராம சபை உண்டு. 2022 முதல் ஆண்டுக்கு 6 முறை கூட வேண்டும். அவற்றுள் ஒன்று நவம்பர் 1, உள்ளாட்சி நாள். குமரி தாய்த் தமிழகத்தோடு இணைந்த நாளும் அதுவே. ஆனால் மாவட்டத்தில் கிராம ஊராட்சிகள் 95 தான். வீடுகள் கேரளத்தைப் போலவே தொடர்ந்து பரவிக் கிடப்பதால் எங்கே ஊர் முடிகிறது, எங்கே அடுத்த ஊர் தொடங்குகிறது என்று வெளியூர்க்காரருக்குத் தெரியாது. 50-க்கும் மேற்பட்ட பேரூராட்சிகள் இங்கே உருவானதற்கு அதுவும் ஒரு காரணம். 2011 கணக்கெடுப்பு மாவட்ட மக்களில் 82 விழுக்காட்டினரை நகர்ப்புறத்தார் என்கிறது. ரப்பர் பால் வெட்டப் போகிறவரும் வாழைக்கு மண் அணைக்கிறவரும் காகிதத்தில் நகரவாசிகள். அவர்களுக்குக் கிராம சபை இல்லை. நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கான பகுதி சபை 2022-இல்தான் விதியாக வந்தது. பழக்கமாக வேரூன்ற இன்னும் காலமாகும். கிராம ஊராட்சிகளிலும் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு தேர்ந்தெடுக்கப்பட்டோர் பதவிக்காலம் முடிந்து நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது. தெருவிளக்கு எரியவில்லை என்று செயலியில் படம் எடுத்துப் போடலாம். வார்டு உறுப்பினரை டீக்கடையில் மடக்கிக் கேட்பதற்கு அது ஈடாகுமா?

களியக்காவிளையைத் தாண்டினால் வேறு காட்சி. கேரளத்தில் 1999 முதலே உள்ளாட்சிகளைக் கணினிமயமாக்க ‘இன்ஃபர்மேஷன் கேரளா மிஷன்’ இயங்கியது. 2002-இல் மலப்புரத்தில் ‘அக்ஷயா’ மையங்கள் தொடங்கின. 2024 ஜனவரி 1-இல் ‘கே-ஸ்மார்ட்’ மாநகராட்சிகளிலும் நகராட்சிகளிலும் வந்து, மறு ஆண்டு ஊராட்சிகளுக்கும் விரிந்தது. எல்லைக்கு இரு பக்கமும் உறவு வைத்திருக்கும் குடும்பங்கள் ஒப்பிட்டுக் குறைபட்டுக்கொள்வது இயல்பு. ஆனால் வித்தியாசம் மென்பொருளில் மட்டும் இல்லை. 1996-இல் தொடங்கிய மக்கள் திட்டத்துக்குப் பிறகு அங்கே ஊராட்சிக்குப் பணமும் ஆளும் வேலையும் கொடுத்தார்கள். கணினி அதன்மேல் வந்தது. 2012-இல் சேவை உரிமைச் சட்டமும் இயற்றினார்கள்: இன்ன சேவை இத்தனை நாளில், தவறினால் மேல்முறையீடு, தவறியவருக்கு அபராதம். மத்தியப் பிரதேசம் 2010-இலேயே இதைச் செய்துவிட்டது. தமிழ்நாட்டில் அப்படியொரு சட்டம் வேண்டும் என்ற குரல் பல ஆண்டுகளாக ஒலிக்கிறது. நாள் கணக்கு சட்டத்தில் இல்லாதபோது ‘நிலுவையில் உள்ளது’ என்று திரையில் தெரிவதால் யாருக்கும் எந்த நெருக்கடியும் இல்லை.

டியாகோ பெய்ஷோட்டோவும் ஜோனதன் ஃபாக்ஸும் உலகெங்கிலும் 23 குடிமைத் தளங்களை ஒப்பிட்டு 2016-இல் எழுதியது இதற்குப் பொருந்துகிறது. மக்கள் தனித்தனியே கருத்துச் சொல்லும் தளங்களில் அரசு அசைவதெல்லாம், மேலேயிருப்பவர் அசைய விரும்பினால் மட்டுமே. மக்கள் சொன்னது வெளியே தெரிந்து, கூட்டாக எழும்போதுதான் விரும்பாதவரும் அசைய வேண்டி வருகிறது.

அதற்குக் குமரியில் ஒரு கசப்பான சான்று உண்டு. 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் குமரிக் கடலைக் கடந்தபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி பகுதிகளின் ஆழ்கடல் படகுகள் பல நாட்களுக்கு முன்பே கடலுக்குள் போயிருந்தன. வி.எச்.எஃப். கருவி எட்டாத தொலைவு. கரையில் முதல் கேள்வி மிக எளிமையானது: யார் யார் கடலில் இருக்கிறார்கள்? அரசிடம் அந்தப் பட்டியல் இல்லை. படகு ஒரு மாநிலத்தில் பதிவாகியிருக்கும், புறப்பட்டது இன்னொரு மாநிலத் துறைமுகமாக இருக்கும். பட்டியல் பங்குக் கோயில்களில் உருவானது. படகின் பெயர், உரிமையாளர், ஏறியவர்கள், கடைசியாக எப்போது யாரோடு பேசினார்கள் என்று பங்குத் தந்தையரும் குடும்பத்தாரும் படகுக்காரர்களும் நோட்டிலும் வாட்ஸ்அப்பிலும் எழுதிச் சேர்த்தார்கள். அரசின் எண்ணிக்கையும் ஊரின் எண்ணிக்கையும் பெரிதும் வேறுபட்டன. டிசம்பர் 7-இல் ஆயிரக்கணக்கானோர் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். கையில் பெயர்வாரியான பட்டியல் இருந்ததால் அந்தப் போராட்டத்தை வெறும் ஆவேசம் என்று ஒதுக்க முடியவில்லை. இறந்தோர் குடும்பத்துக்கு 20 லட்ச ரூபாய் என்று அரசு பின்னர் அறிவித்தது. உடல் கிடைக்காதவர் இறந்ததாகக் கொள்ளச் சட்டம் 7 ஆண்டு காத்திருக்கச் சொல்கிறது; காணாமல் போனோர் வீடுகளுக்கு அந்தக் காத்திருப்பு பொருந்தாது என்று வாதாடவும் அதே பட்டியல்தான் ஆதாரமாயிற்று.

அதன் பிறகு கருவிகள் வந்தன. 2019-இல் ‘ஜெமினி’: செயற்கைக்கோள் வழியே எச்சரிக்கை பெறலாம், பதில் அனுப்ப முடியாது. அடுத்து இஸ்ரோவின் இருவழிக் கருவிகள். 2024-இல் நாடெங்கும் ஒரு லட்சம் படகுகளுக்கு அவற்றைப் பொருத்தும் திட்டம் தொடங்கியது. நல்லவைதான். ஆனாலும் ஒக்கி நாட்களின் மிகச் சிறந்த குடிமைத் தொழில்நுட்பம் எது என்று என்னைக் கேட்டால் அந்தப் பங்குப் பட்டியலைத்தான் சொல்வேன். எல்லோர் பார்வைக்கும் வைத்து, எல்லோரும் திருத்தியது அது.

கடலுக்கு எதிர்த்திசையில், பேச்சிப்பாறைக்கு மேலே காணிக்காரர் பழங்குடிக் குடியிருப்புகளில், சிக்கல் வேறு மாதிரி. சிக்னல் கிடைக்கும் பாறையில் ஏறி நின்றுதான் ஓ.டி.பி. பார்க்க முடியும் என்றால் வீட்டிலிருந்தே சேவை என்ற பேச்சுக்கு அங்கே பொருளில்லை. பழங்குடிச் சான்றோ வட்டாட்சியர் தருவதல்ல, கோட்ட அளவில் விசாரித்துத் தருவது. அங்கே உதவுவது மலைக்கு ஏறி வரும் அலுவலர்தான்.

அரசுகளே நடுமேசையைத் திறந்து காட்டிய முன்னுதாரணம் இருக்கிறது. ராஜஸ்தானில் 1994 முதல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கட்டன் நடத்திய மக்கள் விசாரணைகளில் கூலிப் பட்டியலை ஊர் நடுவே சத்தமாக வாசிப்பார்கள்; வேலையே செய்யாதவர் பெயரும் இறந்தவர் பெயரும் அகப்படும். தகவல் உரிமைச் சட்டத்தின் வேர்களில் ஒன்று அது. 2019 செப்டம்பரில் அம்மாநில அரசு தொடங்கிய ‘ஜன் சூச்னா’ தளம் அந்த வாசிப்பின் இணைய வடிவம். எந்த ரேஷன் கடைக்கு எவ்வளவு தானியம் வந்தது, எந்தத் திட்டத்தில் யாருக்குப் பணம் போனது என்பதை யாரும் கேட்காமலே ஊர்வாரியாகப் பார்க்கலாம். தமிழ்நாட்டிலும் இதன் சாயல் ஒருமுறை தெரிந்தது. 2023 செப்டம்பரில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது சுமார் 1.63 கோடி விண்ணப்பங்களில் 1.06 கோடி ஏற்கப்பட்டன. மறுக்கப்பட்டவர்களுக்குக் காரணத்தைக் குறுஞ்செய்தியில் அனுப்பி, 30 நாளில் மேல்முறையீடு செய்யலாம் என்றார்கள். காரணம் கைக்கு வந்ததும் பெண்கள் இ-சேவை மையங்களுக்குப் படையெடுத்தார்கள். அதை நெரிசல் என்று செய்திகள் எழுதின. ‘ரிஜெக்ட்’ என்ற ஒற்றைச் சொல்லோடு வீடு திரும்பிப் பழகியவர்கள் முதன்முறையாக எதிர்வாதம் செய்ய வந்திருந்தார்கள் என்றும் எழுதியிருக்கலாம்.

பேரூராட்சி அலுவலகச் சுவரில் மாதந்தோறும் ஒரு தாள் ஒட்டுவது பெரிய செலவில்லை: இந்த ஊரில் பட்டா விண்ணப்பங்கள் இத்தனை நிலுவை, நில அளவரிடம் இத்தனை, வட்ட அலுவலகத்தில் இத்தனை, எத்தனை நாளாக, என்ன காரணம். மனு எண் போட்டால் போதும். பெயர் போட வேண்டுமா என்பதில்தான் இப்போது புதுச் சிக்கல். 2023-இன் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஒ) பிரிவைத் திருத்தி, தனிநபர் தகவலைத் தர மறுப்பதை எளிதாக்கியது. 2025 நவம்பரில் அந்தத் திருத்தம் நடைமுறைக்கும் வந்துவிட்டது. இனிமேல் ஒரு சின்னப் பட்டியலைக் கேட்டாலும் தனியுரிமை என்று சொல்லி அனுப்பிவிட ஓர் அலுவலருக்கு வழியிருக்கிறது. யாருடைய மனு என்பதை மறைத்துக்கொள்ளட்டும். எந்த மேசையில், எத்தனை நாளாக என்பது அந்த மேசையின் தகவல். அது எந்தத் தனிநபருக்கும் சொந்தமானதல்ல.